ஆழத்துக்கு ஒரு கட்டம்

மின்விசிறியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அறையில் இருக்கிறவர்களை ஒரு சுற்று முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் மூச்சை நிறுத்துவார். அதன் பிறகு யாரும் அசையக் கூடாது. நாற்காலியில் பாதி உட்கார்ந்தவர் பாதியிலேயே நிற்க வேண்டும். தும்மல் வந்தவர் அதை விழுங்கிக்கொள்ள வேண்டும். இடுக்கியால் ஒரு எஃகுத் தகட்டைத் தூக்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் வைத்து, பெட்டியின் சின்னக் கதவை நகர்த்தி மூடுவார். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கங்கள் கொஞ்ச நேரம் ஆடும், பிறகு அடங்கும். இரண்டு தடவை படித்து, எழுதி, எழுதியதையும் ஒரு தடவை படித்துவிட்டு மூச்சை விடுவார். விட்ட மூச்சோடு திட்டும் வரும்.

“யாரு அங்க காலை ஆட்டினது? கடைசி நம்பர் எப்படிக் குதிச்சுது பாத்தீங்கல்ல? டான்ஸ் ஆடணும்னா வெளிய போயி ஆடுங்க.”

ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பெயர் மில்லிகிராம். முகத்துக்கு நேரே மேடம். வயது ஐம்பத்திரண்டு. வெள்ளைக் கோட்டுப் பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி இருக்கும். ஒன்று தராசைப் பார்க்க, மற்றது மனிதர்களைப் பார்க்க. இரண்டாவதை அவர் அதிகம் எடுப்பதில்லை. எதையும் முழுக் கையால் தொட மாட்டார். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் எடையில் சேரும் என்று இருபத்திரண்டு வருஷமாக இடுக்கியால் எடுத்து எடுத்து, இப்போது பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு விரல் நுனியால் கவ்வித்தான் வாங்குகிறார். நடத்துநர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வது உண்டு.

வீட்டில் கதை வேறு. சமையலறையில் தராசு கிடையாது, அளவுக் கரண்டியும் கிடையாது. உப்பைக் கையால் அள்ளிப் போடுவார்; பெரும்பாலும் தூக்கலாகத்தான் இருக்கும். பூட்டு ரிப்பேர் செய்யும் கணவர் முதல் வாயிலேயே தண்ணீரைத் தேடுவார், ஆனால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “ஆபீஸ்ல நாளெல்லாம் அளந்துட்டு வர்றேன், இங்கயும் அளக்கணுமா?” என்று பதில் வந்தது. அதோடு சரி.

அவர் எடை போடும் தகடுகள் ஒரு குழாயின் உடன்பிறப்புகள். ஆலைகளின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பிடித்து, தண்ணீர் மாதிரி ஆகும்வரை அமுக்கி, அறுபது கிலோமீட்டர் எஃகுக் குழாயில் அனுப்பி, கடைசியில் பூமிக்கடியில் புதைக்கிறார்கள். உள்ளே அரிக்கிறதா என்று பார்க்க நினைத்தபோதெல்லாம் குழாயை அறுக்க முடியாது. அதனால் அதே எஃகில் விரல் நீளத்துக்கு ஒரு தகடு வெட்டி, எடை போட்டு, குழாய்க்குள் செருகி வைப்பார்கள். தொண்ணூறு நாள் கழித்து வெளியே எடுத்து, கழுவி, மறுபடி எடை போடுவார்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அரிப்பு. குழாய் ஓட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் ஐந்தரை வருஷம் தகடுகள் போன மாதிரியே திரும்பி வந்தன.

அந்த ஐந்தரை வருஷமும் மில்லிகிராமின் கோபம் முழுக்க டீக் கோப்பைகளின் மேல் இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் டீ கூடாது என்று அவரே கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். அதைப் படிக்காமல் உள்ளே நுழைகிற ஒரே ஆள் மேலாளர். அவருக்கு டீ கொதிக்கக் கொதிக்க வேண்டும். கை சுடாமல் இருக்கக் காகிதக் கோப்பை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வேண்டும். “சார், டீக்கடை அந்தப் பக்கம்” என்பார் மில்லிகிராம், திரும்பிக்கூடப் பார்க்காமல். மேலாளர் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய் நின்று குடிப்பார். கெட்டவர் இல்லை. எதைச் சொன்னாலும் “பாத்துக்கலாம் மேடம்” என்கிற ரகம். அந்த ரகத்தைக் கண்டால் மில்லிகிராமுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தக் குழாயில் இரண்டாவது ஆலையின் வாயுவையும் சேர்த்தார்கள். முதலில் பாதி அளவுதான். பிடித்த வாயு என்றால் சுத்தமான வாயு இல்லை. கொஞ்சம் அழுக்கும் கூடவே வரும். முதல் ஆலையிலிருந்து துளி நைட்ரஜன் ஆக்சைடு. இரண்டாவதிலிருந்து அழுகின முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயு ஒரு துளி. இரண்டிலும் ஈரம் கொஞ்சம். எல்லாமே அனுமதித்த வரம்புக்குள். முதல் ஆலையின் சோதனைச் சீட்டில் பாஸ், இரண்டாவது ஆலையின் சீட்டிலும் பாஸ். இரண்டும் ஒரே குழாயில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு மட்டும் சீட்டு இல்லை. அந்தச் சோதனை எந்த ஆலையின் வேலையும் இல்லையாம்.

“தனித்தனியா பாத்தா ரெண்டும் சாதுப் பிள்ளைங்க,” என்றார் மில்லிகிராம் அன்றைக்கே. “ஒரே ரூம்ல விட்டுப் பாருங்க, வீட்டையே கொளுத்திடும்.”

கொளுத்தத்தான் செய்தன. கலப்புக்குப் பிறகு வந்த முதல் தகட்டின் மேல் மஞ்சள் தூள் படிந்திருந்தது. தூளுக்கு அடியில் பிசுபிசுவென்று ஈரம். லிட்மஸ் தாளை வைத்தார், தொட்டதும் சிவந்தது. எந்த ஆலையும் மஞ்சள் தூளை அனுப்பவில்லை, அமிலத்தையும் அனுப்பவில்லை. இரண்டும் குழாய்க்குள்ளேயே பிறந்தவை. கழுவித் துடைத்துப் பார்த்தால் தகடு பெரும்பாலும் பளபளவென்று நன்றாகவே இருந்தது. நான்கே நான்கு இடத்தில் ஊசியால் குத்தின மாதிரி குழிகள். ஊசி பொருத்திய மானியைக் குழிக்குள் இறக்கி அளந்தார். 0.3 மில்லிமீட்டர்.

அதை எழுத இடம் தேடியபோதுதான் படிவத்தில் இடமே இல்லை என்று தெரிந்தது. தகட்டு எண் உண்டு, உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, முன் எடை, பின் எடை, சராசரி அரிப்பு எல்லாம் உண்டு. குழி என்ற பேச்சே இல்லாத காலத்தில் அடித்த படிவம். மில்லிகிராம் ஸ்கேலை எடுத்து, வலது ஓரத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே ‘ஆழம்’ என்று எழுதி, கீழே 0.3 என்று போட்டார். மேலாளரிடமும் வாயால் சொன்னார். “பாத்துக்கலாம் மேடம், அடுத்த தகடும் வரட்டும்” என்றார் அவர். நான்கு நாள் கழித்து ரிப்போர்ட் சுத்தமாக டைப் அடித்து வந்தது. மில்லிகிராம் வழக்கம்போல ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். நான்காவது இலக்கம்வரை எல்லாம் சரி. கீழே கையெழுத்துப் போட்டார்.

இந்த மாதம் இரண்டாவது தகடு வந்தது. வெள்ளிக்கிழமை எடை போட்டார். முன்னால் 17.9141 கிராம், இப்போது 17.6815. கால் கிராம்கூடக் குறையவில்லை. அதைத் தகடு முழுக்கப் பரப்பிக் கணக்குப் போட்டால் சராசரி அரிப்பு வருஷத்துக்கு 0.04 மில்லிமீட்டர். வரம்பு 0.1. ஆனால் இந்தத் தடவை குழிகள் பதினொன்று, ஆழமானது 0.6. தகட்டின் மொத்தக் கனமே 1.6 தான். தொண்ணூறு நாளில் 0.6 என்றால் ஒரு வருஷத்துக்கு இரண்டைத் தாண்டிவிடும். குழாயைப் போட்டபோது இருபது வருஷ அரிப்புக்கென்று கூடுதலாக வைத்த கனம் ஒரு மில்லிமீட்டர்.

மேலாளர் கதவுக்கு வெளியே நின்று டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

“சராசரி வரம்புல பாதிகூட வரலையே மேடம். ஏன் டென்ஷன் ஆகுறீங்க?”

“சராசரியாம் சராசரி. பெரிய வெங்காயம். குழாயில ஓட்டை விழுந்தா சராசரியாவா சார் விழும்?”

“அது தகட்டுல ஏதோ ஒரு மூலையில இருக்கிற குழி...”

“ஓட்டைக்கு ஒரு மூலை போதும் சார்.”

“ஒண்ணாம் தேதியிலேருந்து ரெண்டாவது ஆலை முழு அளவுல விடப் போறாங்க. மேல எல்லாம் முடிவாயிடுச்சு. உங்க ரிப்போர்ட் ஒண்ணுதான் பாக்கி. திங்கக்கிழமை டைப் அடிச்சுக் கொண்டு வர்றேன், கையெழுத்துப் போட்டுடுங்க. இன்னும் மூணு மாசம் பொறுத்துப் பாப்போம், அப்புறம் பாத்துக்கலாம்.”

“பாதி விட்டதுக்கே இந்த லட்சணம். முழுசா விட்டா?”

மேலாளர் கோப்பையைக் காலி செய்துகொண்டு போனார். மில்லிகிராம் அன்றைக்கு நான்கு பேரைத் திட்டினார். அதில் இரண்டு பேர் எதுவும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுக்குப் போனார். தகடு தொங்கும் வால்வு நிலையத்திலிருந்து தங்கை வீடு இருநூறு அடிதான். சாலை அங்கே சரிந்து இறங்கிப் பள்ளத்தில் தட்டையாகி மறுபடி ஏறும். பள்ளத்தில் இருபது வீடுகள். நிலத்தோடு சேர்ந்து குழாயும் அங்கே இறங்கி ஏறுகிறது. உள்ளே அமிலம் சொட்டினால் வந்து தேங்குகிற இடம் அதுதான்; தகட்டை அங்கே செருகியதும் அதனால்தான். இது மில்லிகிராமுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தே ஐந்தரை வருஷம் நிம்மதியாகத் தூங்கியவர், இந்த மூன்று மாதமாகத் தங்கையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தங்கை முன்னறையில் துணி தைக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் வாசலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தன. பள்ளம் என்பதால் பந்து எங்கே போனாலும் உருண்டு திரும்பி வந்தது. மில்லிகிராம் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. ஒரு ஆறு மாசம் இரு.”

“எதுக்குக்கா? மாமாவோட சண்டையா?”

“மாமா கிடக்கட்டும். அந்தக் குழாய் சரியில்லடி. வெடிச்சுதுன்னா உள்ள இருக்கிறது புகை மாதிரி மேல போகாது. காத்தைவிடக் கனம். பள்ளத்துல தண்ணி மாதிரி வந்து தேங்கும். ஒரு வாசனை கிடையாது. முதல்ல வெள்ளையா பனி மாதிரி இருக்கும், அப்புறம் கண்ணுக்கே தெரியாது. மூச்சுக்குக் காத்து இருக்காது. ஸ்கூட்டரை உதைச்சாக்கூட ஸ்டார்ட் ஆகாது.”

தங்கை சிரித்தாள். எழுந்து போய், தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தட்டிக் காட்டினாள். நிறுவனம் பள்ளத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்த நோட்டீஸ். பச்சை மையில், குழாயின் அரிப்பு வரம்புக்குள் இருக்கிறது, அச்சம் வேண்டாம் என்று இருந்தது. அதற்குக் கீழே, ரிப்போர்ட்டிலிருந்து தனியாக எடுத்து அச்சிட்ட ஒரு கையெழுத்து.

“பக்கத்து வீட்டுல எல்லாரும் பயந்தாங்க. நான்தான் சொன்னேன், இது என் அக்கா போட்ட கையெழுத்து, அவ ஒரு மில்லிகிராமுக்குக்கூட விட்டுக் குடுக்க மாட்டான்னு. துணி தைக்க வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுவேன். இதப் பாத்துத்தான் எதிர் வீட்டுக்காரங்க காலி பண்ணாம இருக்காங்க.”

மில்லிகிராம் தராசுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்கு அருகில் போனார். சராசரி அரிப்பு இருந்தது, தேதிகள் இருந்தன, தன் கையெழுத்தும் வளைவு பிசகாமல் இருந்தது. ஸ்கேல் வைத்துக் கிழித்த கட்டம் இல்லை. டைப் அடித்த ரிப்போர்ட்டிலும் இருந்திருக்காது என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அன்றைக்கு இருந்த எண்களை எல்லாம் விரல் வைத்துச் சரிபார்த்தவர், இல்லாத எண்ணைத் தேடவில்லை.

“இது சரியில்லடி. குழி இருக்குன்னு நான் எழுதினேன். இதுல அது இல்ல.”

தங்கையின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. வாசலில் பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மறுபடி அக்காவைப் பார்த்தாள்.

“அப்ப நீ ஏன்க்கா கையெழுத்துப் போட்ட?”

மில்லிகிராம் தங்கை போட்ட டீயைக்கூடத் தொடாமல் கிளம்பினார். மேட்டில் ஏறும்போது மேலாளரைத் திட்டினார், டைப் அடித்தவரைத் திட்டினார், இரண்டு ஆலைகளின் பாஸ் சீட்டுகளையும் திட்டினார். பஸ் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள் திட்ட ஆள் தீர்ந்துபோய், தன்னையே திட்ட ஆரம்பித்தார். அந்தக் கோபந்தான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. வீட்டில் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பே இல்லை. கணவர் அதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மேலாளர் டைப் அடித்த ரிப்போர்ட்டை ஒரு கையிலும் டீயை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் கதவுக்கு வெளியே நின்றார்.

“உள்ள வாங்க சார்,” என்றார் மில்லிகிராம். “டீயோடயே வாங்க.”

அறையில் இருந்த மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேலாளர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். ரிப்போர்ட்டை மேஜையில் விரித்தார். மில்லிகிராம் இந்தத் தடவை எண்களைப் பார்க்கவில்லை. நேராக வலது ஓரத்தைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

“நான் போட்ட கட்டம் எங்க சார்?”

“மேடம், அது ஃபார்மேட்லயே கிடையாதே. ஃபார்மேட்ல இல்லாததை எப்படி டைப் அடிக்கிறது? நீங்க கையெழுத்துப் போடுங்க, ஃபார்மேட்டை மாத்த நான் எழுதிப் போடுறேன்.”

“போன தடவையும் அடிக்கலை. நான் பாக்காம போட்டுட்டேன். அது என் தப்பு.” அவர் கையை நீட்டினார். “அந்தக் கோப்பையைக் கொஞ்சம் காட்டுங்க.”

மேலாளர் நீட்டினார். உள்கோப்பையின் விளிம்பை அவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மில்லிகிராம் இடுக்கியால் வெளிக் கோப்பையைப் பிடித்து உருவி எடுத்தார். உள்கோப்பை டீயோடு மேலாளர் கையிலேயே நின்றது. மின்விசிறியை அணைத்தார், கதவைச் சாத்தினார். காலிக் கோப்பையைத் தராசில் வைத்து மூச்சை நிறுத்தினார். மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

“படிங்க சார்.”

“5.3127.”

கோப்பையை வெளியே எடுத்தார். குழி அளக்கும் மானியிலிருந்து ஊசியைக் கழற்றி, கோப்பையின் அடியில் ஒரே குத்து. ஊசியை உருவிவிட்டுக் கோப்பையை மறுபடி தராசில் வைத்தார்.

“இப்ப?”

மேலாளர் குனிந்து பார்த்தார். கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. “அதேதான் மேடம். 5.3127.”

“எடை குறையலை. அப்ப பாஸ்.”

மேலாளர் கையிலிருந்த டீயை மில்லிகிராம் வாங்கி அந்தக் கோப்பையில் ஊற்றி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். டைப் அடித்த தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது, அடுத்து இன்னொன்று. மேலாளர் பதறிப்போய் இன்னொரு கையின் விரலைக் கோப்பைக்கு அடியில் வைத்து அடைத்தார். ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் ஓட்டை. முதுகைக்கூட நிமிர்த்த முடியாமல் அப்படியே நின்றார்.

“மேடம், விரல் சுடுது.”

“எடுத்துடாதீங்க சார். மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. என் தங்கச்சி வீடு இதுக்கு நேர் கீழதான் இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் கோப்பையைப் பார்த்தார், நனைந்த தாளைப் பார்த்தார். மில்லிகிராம் அலமாரியிலிருந்து ஒரு புதுப் படிவத்தை எடுத்து மேஜையின் உலர்ந்த பக்கத்தில் வைத்தார். தகட்டு எண், தேதிகள், இரண்டு எடைகள், சராசரி எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். ஸ்கேலை வைத்து வலது ஓரத்தில் கோடு கிழித்தார். மேலே ‘ஆழம்’ என்று எழுதினார்.

“இதை டைப் அடிக்க வேண்டாம். இதையே மேல அனுப்புங்க. வீடு வீடா குடுக்கிற நோட்டீஸ்லயும் என் கையெழுத்து வேணும்னா இதான் வரணும். தனியா வெட்டி எடுக்க இனிமே வராது.”

கட்டம் கொள்ளாமல் பெரிதாக 0.6 என்று எழுதினார். பிறகு, தாளின் அடியில் புள்ளிக்கோடு போட்டு ஒதுக்கியிருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பேனாவை மேலே கொண்டுபோய், பூஜ்யத்தில் ஆரம்பித்து ஆறின் வாலைச் சுற்றி, அந்த எண்ணின் மேலேயே குறுக்காகக் கையெழுத்தைப் போட்டார்.